மாடல் ரயில் சாமான் ஆன்லைன்லயா, கடையிலயா? உங்க கேள்விகளுக்கு பதில்

மாடல் ட்ரெயின் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்வில முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: ஆன்லைன்ல வாங்கலாமா, பக்கத்துல இருக்கிற ஹாபி ஷாப்ல வாங்கலாமா? எந்த பார்ட் வேணும்னு நம்பரோட உங்களுக்கே தெரிஞ்சா ஆன்லைன்ல வாங்குங்க, தெரியலைன்னா கடைக்கு போங்க, இதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ஏன்னா இந்த ஹாபில எதுவும் தனியா வேலை செய்யாது, சக்கரம் தண்டவாளத்தோட சேரணும், கப்ளர் (பெட்டிகளை இணைக்கிற கொக்கி) அடுத்த பெட்டியோட கப்ளரோட சேரணும், டீகோடர் (கன்ட்ரோலர் சொல்றதை கேட்டு எஞ்சினை ஓட்டற சின்ன சர்க்யூட்) எஞ்சினுக்குள்ள இருக்கிற சாக்கெட்டோட சேரணும். சேரலைன்னா மலிவா வாங்கினது அலமாரிலதான் கிடக்கும். இனி ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கேள்வி (டல்லாஸ்): அண்ணா, எச்ஓ ஸ்கேல்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஸ்டார்டர் செட் ஆன்லைன்ல கடையை விட கம்மியா இருக்கு. ஆர்டர் போட்டுடவா?

எச்ஓன்னா நிஜ ரயிலை 87-ல ஒரு பங்கா (1:87) சுருக்கின சைஸ். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி தண்டவாளத்தோட கலரை பாருங்க தம்பி, நிஜமாத்தான் சொல்றேன். பாக்மன் கம்பெனியோட ஈஸி ட்ராக்ல அடியில இருக்கிற பிளாஸ்டிக் கருப்பா இருந்தா மேல ஸ்டீல் ரெயில், சாம்பல் கலர்னா நிக்கல் சில்வர். ஸ்டீல் துருப்பிடிக்கும், கரண்ட் சரியா போகாது, எஞ்சின் நின்னு நின்னு ஓடும், புதுசா வர்றவங்க எஞ்சின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. விலை கம்மியா இருக்கிற செட்ல பெரும்பாலும் கருப்புதான் வரும், ஆன்லைன் போட்டோல அது சரியா தெரியாது, கடைல பெட்டியை கையில எடுத்தா உடனே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, பாக்மன் ஈஸி ட்ராக், கேட்டோ யூனிட்ராக் ரெண்டுலயும் எச்ஓ சைஸ் வருது, ரெண்டுக்கும் கேஜ் (ரெண்டு ரெயிலுக்கு நடுவுல இருக்கிற அகலம்) 16.5 மில்லிமீட்டர்தான், ஆனா ஒண்ணோட கிளிப் இன்னொண்ணுல மாட்டாது. முதல் செட் எந்த கம்பெனியோ, அப்புறம் வாங்கற நேர் ட்ராக், வளைவு, பாயிண்ட் (தடம் ரெண்டா பிரியற துண்டு) எல்லாம் அதுலயே போயிட்டு இருப்பீங்க. அதனால உங்க ஊர் கடைல எந்த ட்ராக்கை ரெகுலரா ஸ்டாக் வைக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க. வளைவும் கவனிங்க, செட்ல வர்றது பொதுவா 18 இஞ்ச் ரேடியஸ். நாளைக்கு ஆம்ட்ராக் மாதிரி, நிஜத்துல 85 அடி நீளம் இருக்கிற பாசஞ்சர் பெட்டியோட மாடல் வாங்கினா அந்த வளைவுல அது திணறும். நாலுக்கு எட்டு அடி பிளைவுட் போடற இடம் இருந்தா 22 இஞ்ச் வளைவு தாராளமா உட்காரும்.

கேள்வி (நியூஜெர்சி, எடிசன்): அண்ணா, என் பையனுக்கு 7 வயசு. கிறிஸ்மஸ் லீவுக்கு ட்ரெயின் செட் கேக்கறான். எது வாங்கறதுன்னே தெரியல.

பையனை கூட்டிட்டு ஒரு சனிக்கிழமை கடைக்கு போயிட்டு வாங்கம்மா. பல எச்ஓ செட்ல 14 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், தாமஸ் செட் மாதிரி சிலதுல வயசு கம்மியா இருக்கும். அந்த நம்பரை விட முக்கியமானது அவன் கையால பெட்டியை தண்டவாளத்துல ஏத்தி வைக்க முடியுதாங்கறதுதான். எச்ஓ முடியலைன்னா லயனல் ஓ கேஜ் பெருசு, தடம் புரண்டாலும் அவனே எடுத்து வச்சுக்குவான், விலை கூட. N ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, அது இப்ப வேண்டாம், ரொம்ப குட்டி.

கேள்வி (பே ஏரியா): கடைல பார்த்து, எல்லாம் கேட்டு தெரிஞ்சுக்கிட்டு, வெளிய வந்து போன்லயே ஆன்லைன்ல ஆர்டர் போடறேன். இது தப்பா ப்ரோ?

உங்க காசு, உங்க இஷ்டம். ஆனா கேட்டதால சொல்றேன், எனக்கு இது பிடிக்காது. அந்த மனுஷன் அரை மணி நேரம் நின்னு, டெஸ்ட் ட்ராக்ல ரெண்டு எஞ்சினை ஓட்டிக் காட்டி, எந்த டீகோடர் போடணும்னு சொல்லி அனுப்பறார் இல்லையா, அதுக்கும் சேர்த்துதான் அந்த விலை. டென்வர்ல கபூஸ் ஹாபீஸ்னு ஒரு கடை 1938-லேர்ந்து இருந்தது, நாடு பூரா அதுக்காகவே ஆளுங்க போவாங்க, அதுவே 2016-ல மூடிடுச்சு. அப்புறம் வேற ஆளுங்க பக்கத்துல லேக்வுட்ல கபூஸ்ங்கற பேர்ல சின்னதா திறந்தாங்க. கடை மூடறதுக்கு வாடகை, முதலாளிக்கு வயசாகறதுன்னு நிறைய காரணம் இருக்கும், எல்லாம் ஆன்லைனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆன்லைன்காரங்களும் மூடறாங்க, இங்கிலாந்துல ஹாட்டன்ஸ் 1946-ல ஆரம்பிச்சு உலகம் பூரா ஆன்லைன்ல அனுப்பிட்டு இருந்தாங்க, 2024 ஜனவரில நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க.

நான் என்ன பண்றேன்னா, கடைக்காரர்கிட்ட நேராவே கேட்டுடுவேன், "ஆன்லைன்ல இவ்வளவுக்கு கிடைக்குது, நீங்க எவ்வளவு குறைக்க முடியும்"னு. சில நேரம் கொஞ்சம் குறைப்பார், சில நேரம் முடியாதும்பார், அப்ப எஞ்சினை ஆன்லைன்ல வாங்கிட்டு டீகோடர், கப்ளர், பெயின்ட், கோந்து எல்லாம் அவர்கிட்டயே வாங்குவேன். ரெண்டு பேருக்கும் மனசுல ஒண்ணும் இருக்காது. அவர்கிட்ட ஸ்டாக் இல்லைன்னாலும் கேளுங்க, மில்வாக்கில இருக்கிற வால்தர்ஸ் வெப்சைட்ல நேராவும் விக்கறாங்க, கடைகளுக்கு மொத்தமாவும் சப்ளை பண்றாங்க. அந்த கேட்டலாக்ல இருக்கிற சாமானை உங்க ஊர் கடையே வரவழைச்சு தருவாங்க, தபால் செலவும் மிச்சம்.

கேள்வி (சிகாகோ): "டிசிசி ரெடி"ன்னு போட்டிருந்த எஞ்சினை ஆன்லைன்ல வாங்கினேன் சார், கன்ட்ரோலர்ல அட்ரஸ் அடிச்சா அசையவே இல்ல. திருப்பி அனுப்பிடவா?

அனுப்ப வேண்டாம், எஞ்சின்ல குறை ஒண்ணும் இல்ல. டிசிசின்னா ஒரே தண்டவாளத்துல ஒவ்வொரு எஞ்சினையும் அதோட நம்பரை (அட்ரஸ்) வச்சு தனித்தனியா ஓட்டற டிஜிட்டல் முறை. ரெடின்னா டீகோடர் மாட்டற சாக்கெட் மட்டும் இருக்கு, டீகோடர் உள்ள கிடையாதுன்னு அர்த்தம். "டிசிசி எக்விப்டு"ன்னு போட்டிருந்தாதான் டீகோடரோட வரும். சவுண்டோட வர்ற மாடல் சுமார் 100 டாலர் கூட இருக்கும், அந்த வித்தியாசத்தை பார்த்தே பலர் ரெடியை வாங்கிடறாங்க.

இப்ப மேல் கூட்டை கழட்டி சாக்கெட்டை பாருங்க, 8 பின்னா, 21 பின்னா, நெக்ஸ்ட்18-ஆ. சவுண்ட் இல்லாத டீகோடர் போதும்னா பின் கணக்கு தெரிஞ்சா சரி, ஆன்லைன்லயே வாங்கலாம். புதுசா மாட்டினதுக்கு அட்ரஸ் 3 தான் இருக்கும், அப்புறம் மாத்திக்கலாம்.

சவுண்ட் வேணும்னா யோசிச்சு வாங்குங்க. சவுண்ட்ராக்ஸ் சுனாமி2 டீகோடர்ல நிஜ எஞ்சினை கட்டின கம்பெனி வாரியா, இஎம்டிக்கு ஒண்ணு, ஜிஇக்கு ஒண்ணு, ஆல்கோவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். ஈஎஸ்யூ லோக்சவுண்ட் டீகோடர்ல உங்க எஞ்சினுக்கு ஏத்த சவுண்ட் பைலை ஏத்தணும், அதுக்குன்னு தனி ப்ரோக்ராமர் கருவி இருக்கு. அந்த கருவி வச்சிருக்கிற டீலர்கிட்ட எஞ்சின் மாடலை சொன்னா ஏத்தியே தருவாங்க. ஸ்பீக்கர் எங்க உட்காரும்னும் அவங்களுக்கு தெரியும். இதுக்கு நான் எப்பவும் கடைக்குத்தான் போவேன்.

கேள்வி (அட்லாண்டா): ஈபேல பழைய ப்ரோட்டோ 2000 எஞ்சின் ஒண்ணு நல்ல விலைக்கு வாங்கினேன் அண்ணா. ஓடுது, ஆனா டக் டக் டக்னு சத்தம், பாயிண்ட்ல ஏறும்போது தடம் புரளுது. ஏமாந்துட்டேனா?

இல்ல, கவலைப்படாதீங்க, அருமையான எஞ்சின் அது. லைஃப்லைக் ப்ரோட்டோ 2000 டீசல்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. ஆக்சில் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் கியர் வருஷம் ஆக ஆக விரிசல் விடும். விரிசல் இடத்துல பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடிடுது, ஒவ்வொரு சுத்துக்கும் அதோட சேர்ற கியர்ல தட்டும், நீங்க கேக்கற டக் டக் அதுதான். விரிசல் விட்ட கியர் அச்சை இறுக்கி பிடிக்காது, சக்கரம் தள்ளிப்போய் கேஜ் மாறிடும், தடம் புரள்றது அதனால.

அடி மூடியை கழட்டி ஒவ்வொரு ஆக்சிலா எடுத்து லென்ஸ் வச்சு பாருங்க. ஒண்ணுல விரிசல் இருந்தாலும் எல்லாத்தையும் மாத்திடுங்க, மத்ததும் அதே வயசு பிளாஸ்டிக்தானே. ஏதர்ன் கம்பெனியோட 60024 நம்பர் கியர் இதுக்கு பொருந்தும், வருஷக்கணக்கா எல்லாரும் அதைத்தான் போடறாங்க. நம்பர் கையில இருக்கு, அதனால தயங்காம ஆன்லைன்ல வாங்குங்க, சின்ன கவர்ல வந்துடும். கூடவே என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ் தகடு, அதாவது சக்கர அளவை சரிபார்க்கற தகடு, ஒண்ணு வாங்கிக்கோங்க. 1935-ல ஆரம்பிச்ச சங்கம் அது, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இங்க பெரும்பாலான கம்பெனி பாக்கறது அவங்க அளவைத்தான். புது கியர்ல சக்கரத்தை அழுத்தி ஏத்தும்போது அந்த தகடை வச்சு சரி பார்த்தா தடம் புரள்றது நின்னுடும். இனிமே ஈபேல பழசு வாங்கும்போது அடிப்பக்கம் போட்டோ கேளுங்க, ஓடற வீடியோ சத்தத்தோட கேளுங்க.

கேள்வி (ஸ்காபரோ, கனடா): அண்ணை வணக்கம். அமெரிக்காவில இருந்து ஓர்டர் பண்ணினா சாமான் விலையை விட கூரியர்காரனுக்குக் குடுக்கிறதுதான் பெரிய தலையிடியாக் கிடக்கு. இதுக்கு ஏதும் வழி இருக்கோ?

இருக்கு. அமெரிக்காலேர்ந்து கூரியர்ல வந்தா 40 கனடா டாலர் வரைக்கும் வரி கிடையாது, தபால்ல வந்தா அது 20 டாலர்தான். அதுக்கு மேல போனா 13 சதவீத எச்எஸ்டி (விற்பனை வரி) கட்டித்தான் ஆகணும், அது உங்க ஊர் கடைலயும் உண்டு. உங்களை கடிக்கிறது கூரியர் கம்பெனி போடற ப்ரோக்கரேஜ், அதாவது சுங்க வேலையை முடிச்சுக் குடுக்கற கூலி. தபால்ல அனுப்பச் சொன்னா கனடா போஸ்ட் வாங்கற சார்ஜ் பொதுவா அதை விட கம்மி. நேரம் இருந்தா சிபிஎஸ்ஏ (கனடா சுங்கத்துறை) ஆபீசுக்கு நீங்களே போய் கிளியர் பண்ணலாம், ப்ரோக்கரேஜ் மிச்சம். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா பல தடவை டொராண்டோ கடை விலையே தேவலைன்னு வரும். மாடல் ட்ரெயின் கம்பெனி ராப்பிடோ ட்ரெயின்ஸ் உங்க பக்கத்துல மார்க்கம்லதான் இருக்கு, அவங்க வண்டியை எல்லை தாண்டி வரவழைக்கிறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி (ஹூஸ்டன்): சீனாலேர்ந்து வர்ற மரம், மனுஷ பொம்மை எல்லாம் ரொம்ப மலிவா இருக்கே?

மலிவுதான், ஆனா 800 டாலர் வரைக்கும் வரி இல்லைங்கற சலுகை 2025 ஆகஸ்ட் 29-லேர்ந்து எல்லா நாட்டு சாமானுக்கும் போயிடுச்சு, வரியோட சேர்த்து கணக்கு போடுங்க. எச்ஓன்னு போட்டு வேற சைஸ் அனுப்பறதும் உண்டு. ஆறடி ஆள் 1:87-ல சுமார் 21 மில்லிமீட்டர் உயரம் வரணும், டிஸ்கிரிப்ஷன்ல உயரத்தை பார்த்து வாங்குங்க. மரம் எந்த சைஸ்லயும் இருக்கலாம், தாராளமா வாங்குங்க.

கேள்வி (மினியாபொலிஸ்): பெயின்ட், ஃப்ளெக்ஸ் ட்ராக் ரெண்டும் ஆன்லைன்ல ஓகேவா?

ரெண்டுமே கடைலதான். ஃப்ளெக்ஸ் ட்ராக், அதாவது இஷ்டத்துக்கு வளைச்சுக்கற தண்டவாளம், மூணு அடி நீளம், நாலஞ்சு துண்டு வாங்கினா ஷிப்பிங்கே விலையை தூக்கிடும், மடங்கி வந்தா அதுக்கு வேற சண்டை. வாங்கும்போது கோடு (code) நம்பரை பாருங்க, கோடு 100-ன்னா ரெயில் உயரம் 0.100 இஞ்ச், 83-ன்னா 0.083, ரெண்டையும் இணைக்க தனி ஜாயினர் வேணும். பெயின்டுக்கு உங்க ஊர் குளிர்தான் பிரச்சனை, தண்ணில கரையற அக்ரிலிக் லாரில உறைஞ்சுபோனா திரிஞ்சிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் சேராது. ஃப்ளோக்வில், பாலிஸ்கேல்ங்கற ரெண்டு மாடல் பெயின்டையும் டெஸ்டர்ஸ் கம்பெனி 2013-ல நிறுத்தினதிலேர்ந்து ரயில்வே கம்பெனி கலர்களுக்கு ட்ரூகலர் மாதிரி சிலதுதான் இருக்கு. கடைல பாட்டிலை பக்கத்து பக்கத்துல வச்சு பார்த்து எடுங்க, ஸ்க்ரீன்ல தெரியற கலரை நம்பாதீங்க.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): தம்பி, நான் ரயில்வேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு அமெரிக்காவுல இருக்கா, வரும்போது ட்ரெயின் செட் வாங்கிட்டு வரேங்கறா. என்ன சொல்லி அனுப்பட்டும்?

ரொம்ப சந்தோஷம் ஐயா. முதல் விஷயம் கரண்ட். அங்க செட்டோட வர்ற அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சதா இருக்கலாம், நம்ம ஊர் 230 வோல்ட்ல சொருகினா புகைஞ்சிடும். அடாப்டர் மேல 100-240ன்னு அச்சடிச்சிருக்கான்னு கடைலயே பார்க்கச் சொல்லுங்க. அப்படி இல்லைன்னா அதே வோல்ட், அதே ஆம்ப் வெளிய வர்ற அடாப்டர் சென்னைலயே வாங்கிக்கலாம்.

நீங்க ரயில்வே ஆள், அதனால இதை உடனே கவனிப்பீங்க: நம்ம ப்ராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், அதை 1:87-க்கு சுருக்கினா சுமார் 19.3 மில்லிமீட்டர் வரணும், எச்ஓ தண்டவாளம் 16.5 தான். நம்ம ஊர் எஞ்சின், பெட்டி மாதிரி செஞ்சு எச்ஓல ஓட்டினா கீழ தண்டவாளம் ஒடுங்கி தெரியும். பலர் அதை ஏத்துக்கிட்டுதான் ஓட்டறாங்க, அழகாவே இருக்கும்.

நீங்களே வெளிநாட்டுலேர்ந்து ஆர்டர் போடறதா இருந்தா யோசிங்க, பொம்மை இறக்குமதி டியூட்டியை 2020-ல 20-லேர்ந்து 60 சதவீதமாக்கி 2023-ல 70 ஆக்கினாங்க, மாடல் ட்ரெயினும் அந்த தலைப்புலதான் வருது. பொண்ணு கொண்டு வந்தா பில்லையும் பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க.

கேள்வி (பாஸ்டன்): எங்க பக்கத்துல நல்ல கடையே இல்ல அண்ணா. எல்லாத்தையும் நேர்ல பார்த்து வாங்க ஒரே இடம் இருக்கா?

உங்களுக்கு பக்கத்துலயே இருக்கு. வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டுல ஜனவரி கடைசி வார இறுதில ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி நடத்தற ஷோவுக்கு போங்க. கம்பெனிக்காரங்க, தூரத்து ஊர் கடைக்காரங்க, பழைய சாமான் விக்கறவங்க எல்லாரும் பல கட்டடத்துல பரவியிருப்பாங்க. சனிக்கிழமை காலைல போனா நல்ல சாமான் கிடைக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனா திருப்பி தூக்கிட்டு போக மனசில்லாம விலையை குறைப்பாங்க. கேஷ் கொண்டு போங்க, உங்ககிட்ட இருக்கிற பெட்டி, எஞ்சின் லிஸ்ட்டை போன்ல வச்சுக்கோங்க. பழைய சரக்கு பெட்டில கொக்கி மாதிரி ஹார்ன்ஹூக் கப்ளர் இருந்தா விட்டுடாதீங்க, கேடி கம்பெனியோட 148 நம்பர் கப்ளர் போட்டு மாத்திக்கலாம். என்எம்ஆர்ஏ தகடை பாக்கெட்ல எடுத்துட்டு போங்க, சக்கரத்துல வச்சு பார்த்துட்டு காசை குடுங்க.