எடை குறைந்தது, கழுத்து சாய்ந்தது

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முதுகுவலிக்குப் பயந்து நாலரைக் கிலோ கருவியை விற்றுவிட்டு, மூன்று கிலோ சொச்சம் எடையில் ஒன்றை இணையத்தில் வாங்கி ஐந்து நாள் ஆகிறது. இடது கையை எடுத்தால் கருவியின் கழுத்து தரையைப் பார்க்கிறது. தாங்கித் தாங்கி மணிக்கட்டு வலிக்கிறது. தோள்வாரான ஸ்ட்ராப்பை மாட்டும் குமிழை வேறு இடத்தில் துளையிட்டு மாற்றச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். துளை விழுந்த கருவியை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு முடிகிறது என்பதை முதலில் பாருங்கள்.

உடலை லேசான மரத்தில் செய்துவிட்டார்கள். கழுத்தின் நுனியான தலையில் உள்ள, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் நான்கு உலோகக் கீகளின் எடை அப்படியே இருக்கிறது. 34 அங்குலக் கம்பி நீளத்தில் அந்தத் தலை தோளிலிருந்து வெகு தூரம். ஸ்ட்ராப்பின் முன்முனை மாட்டும் மேல் கொம்பு, அதாவது உடலின் மேல்பக்க நீட்சி, பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை நீண்டிருந்தால் ஓரளவு சமாளிக்கும். குட்டையாக இருந்தால் சாயத்தான் செய்யும். விளம்பரத்தில் கிலோக் கணக்கு மட்டும்தான் வரும், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் போடுவதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு இந்த வம்பே கிடையாது: குடம் தரையில், சுரைக்காய் தொடையில்.

வழுக்கும் நைலான் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, உட்புறம் சொரசொரப்பான மூன்று அங்குலத் தோல் ஸ்ட்ராப் மாட்டிப் பாருங்கள். வியர்த்த சட்டையிலும் பிடித்து நிற்கும். சாய்வு கொஞ்சம்தான் என்றால் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மளிகைக் கடையில் 200 கிராம் எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கி, பின்பக்கக் குமிழருகே துணி வைத்து டேப்பால் ஒட்டிப் பாருங்கள். கழுத்து நிமிர்ந்து நின்றால், எடை குறைந்த கீகளுக்கு மாறுவதே என் முதல் தேர்வு. வழக்கமான கீயில் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். தலையில் குறையும் ஒவ்வொரு கிராமும் வாலில் சேர்ப்பதைவிட அதிகம் உதவும், தோளுக்கும் புதுச் சுமை இல்லை. வாங்குமுன் கீ நுழையும் ஓட்டையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைப் பையில் தைத்து ஸ்ட்ராப்பின் பின்முனையில் கட்டுவது மலிவான வழி. ஈயத்தைத் தொட்டால் கை கழுவ மறக்காதீர்கள். ஆனால் முதுகுவலிக்காக வாங்கிய கருவியில் ஈயம் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

அரைக் கிலோ கட்டியும் நிமிராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சாய்வு மட்டும் சட்டப்படி குறைபாடு என்று வாதாடுவது கடினம். அதனால் நல்ல தராசில் கருவியை நிறுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்ன எடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை அது மாறிவிடலாம்.