இளைத்துப் போன தேனீப் பெட்டி: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் இந்தியத் தேனீக் கூட்டத்தோடு ஒரு பெட்டி வாங்கினோம். அப்போது எல்லாச் சட்டங்களிலும் (தேனடை கட்டும் மரச்சட்டகங்கள்) தேனீ மொய்த்திருந்தது. இப்போது மூன்று சட்டங்களில்தான் இருக்கிறது. அடிப்பலகையில் வெள்ளைப் புழுக்கள், அடைகளுக்கு நடுவே வலை. விற்றவரைக் கேட்டால், "மெழுகுப் புழு விழுந்துவிட்டது, மருந்துப் பொடியும் பொறியும் அனுப்புகிறேன், வாங்கிப் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா? இல்லை, கூட்டத்தையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பொடியும் வேண்டாம், பொறியும் வேண்டாம். மெழுகுப் புழுவின் தாயான மெழுகு அந்துப்பூச்சி பலமான கூட்டிலும் நுழையும், முட்டையும் இடும். அதில் பொரிக்கும் புழுவைப் பணித் தேனீக்கள் இழுத்து வெளியே போட்டுவிடும். அந்த வேலைக்கு ஆள் பற்றாத பெட்டியில்தான் புழு பெருகி வலை பின்னுகிறது. ஆகவே கூட்டம் முதலில் குறைந்து, புழு அதற்குப் பிறகு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஏன் குறைந்தது என்று தெரியாமல் புழுவுக்குச் செலவு செய்தால் அடுத்த மாதம் மறுபடி செலவு செய்ய வேண்டிவரும்.

காற்று அதிகமில்லாத, வெயில் இதமான நேரத்தில் பெட்டியைத் திறங்கள். சீக்கிரம் மூடிவிட வேண்டும். தங்கள் குஞ்சுப் புழுக்கள் வளரும் பகுதியை 34, 35 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கத் தேனீக்கள் ஓயாமல் உழைக்கின்றன. ஆள் குறைந்த கூட்டத்தில் ஒருமுறை சூடு இறங்கினால் மீட்பது கஷ்டம். தவிர இந்தியத் தேனீ கொஞ்சம் ரோஷக்காரி. அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். தினமும் மூடியைத் தூக்கிப் பார்க்கிற ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

ராணியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முட்டையைத் தேடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து அடையின் சிறு அறைகளின் அடிவரை விழும்படி சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தால், வெள்ளையாக மெல்லிய முட்டை தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் சுலபம். முட்டை 3 நாளில் பொரித்துவிடும். அதனால் முட்டை கண்ணில் பட்டால், ராணி கடந்த 3 நாட்களுக்குள் அந்த அடையில் நடமாடியிருக்கிறாள் என்று பொருள். ஒவ்வோர் அறையிலும் அடியின் நடுவில் ஒரே ஒரு முட்டை இருந்தால் கவலை பாதி குறைந்தது.

ஓர் அறையில் இரண்டு, மூன்று முட்டைகள், அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் ராணி இல்லை; பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீதான் வரும். ராணி போனபின் இந்தியத் தேனீயில் இந்த நிலை இத்தாலியத் தேனீயைவிட (பெட்டியில் வளர்க்கும் இன்னொரு இனம்) சீக்கிரம் வந்துவிடுகிறது. இதற்கு எந்த மருந்தும் கிடையாது. புது ராணியை விலைக்கு வாங்கி உள்ளே விட்டாலும் பெரும்பாலும் கொன்றுவிடும். நோய் ஒன்றும் இல்லையென்றால் மிச்சமிருக்கும் ஈக்களை ராணியுள்ள இன்னொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவதுதான் செலவில்லாத வழி. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை விரித்து மேலும் கீழுமாக வைத்தால், அவை காகிதத்தைக் கடித்து முடிப்பதற்குள் வாசனை கலந்து சண்டை குறையும்.

முட்டை இருந்தும் கூட்டம் இளைக்கிறது என்றால் தேனீயின் புழுக்களைக் கவனியுங்கள். நல்ல புழு முத்து வெள்ளையாக அறையின் அடியில் சுருண்டு கிடக்கும். நிறம் மங்கி, தலை மேலே தூக்கி, நீளவாக்கில் கிடந்து, இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வருகிறதா? அது பைப்புழு நோய். வைரஸால் வருவது. இதற்கு ஆன்டிபயாடிக் விற்பவர் உண்டு. அது வைரஸை ஒன்றும் செய்யாது, தேனில் எச்சம் தங்குவதுதான் மிச்சம். மெழுகால் மூடிய அறைகள் குழிந்து, ஓட்டை விழுந்து, நாற்றம் அடித்தால் ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு மெல்ல இழுங்கள். பழுப்பாகப் பசை மாதிரி நூலிழுத்தால் அமெரிக்கப் புழு அழுகல் நோயாக இருக்கலாம். உடனே பெட்டியை மூடி, கருவிகளைத் தனியே வைத்துவிட்டு, வேளாண்மைத் துறையிலோ ஆய்வுக்கூடத்திலோ காட்டுங்கள். அந்தப் பெட்டியை எதோடும் சேர்க்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் பயப்பட வேண்டாம். இந்தியத் தேனீயில் ஆண் தேனீ அறைகளின் மூடியில் நடுவே ஊசித் துளை இருப்பது இயல்பு. அதைக் காட்டி மருந்து விற்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம்.

ராணியும் சரி, புழுவும் சரி என்றால் பசியாக இருக்கலாம். அடையில் தேனும் மகரந்தமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகை, இருட்டும் நேரத்தில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் பக்கத்துக் கூட்டங்கள் வந்து கொள்ளையடிக்கும். இளைத்த கூட்டத்தால் எதிர்த்து நிற்க முடியாது.

இனி அந்த மெழுகுப் புழு. ஈ மூடாத அடைகளை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். உங்களுக்கு மூன்று சட்டத்தில்தான் ஈ என்றால் உள்ளே மூன்று, மிஞ்சினால் நான்கு சட்டம் போதும். மீதி இடத்தை ஒரு தடுப்புப் பலகை வைத்து அடைத்து, வாசலையும் இரண்டு மூன்று ஈ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். இந்தியத் தேனீ பழைய அடையைத் தானே கடித்து உதிர்க்கும் வழக்கமுள்ளது. அந்த மெழுகுத் தூள்தான் அந்துப்பூச்சிக்குப் பிறந்த வீடு. இத்தாலியத் தேனீ மாதிரி மரப்பிசின் கொண்டுவந்து விரிசலைப் பூசி அடைக்கிற பழக்கமும் இதற்குக் கிடையாது. எனவே செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், பொடிக்குப் பதில் மூலைகள் இறுக்கமாகப் பொருந்திய, அடிப்பலகையைத் தனியே கழற்ற வருகிற பெட்டிக்குச் செய்யுங்கள்.

எடுத்த அடைகளில் கறுத்துப் போனவற்றை உருக்கிவிடலாம். தேனீப் புழு உரித்த சட்டையும் மகரந்தமும் சேர்ந்த கறுப்பு அடையில்தான் மெழுகுப் புழு கொழுக்கும். நல்ல அடைகளை உறைபெட்டியில் வையுங்கள்: மைனஸ் 7 டிகிரியில் நாலரை மணி நேரம், மைனஸ் 15-இல் 2 மணி நேரம் இருந்தாலே முட்டை முதல் பூச்சி வரை சாகும். அடையின் உள்வரை குளிர் ஏற நேரமாகும் என்பதால் ஓரிரவு முழுக்க விடுவது பாதுகாப்பு. பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். நாப்தலீன் உருண்டை போட்டு வைக்கும் யோசனை பலர் சொல்வார்கள். மெழுகு அதை உறிஞ்சிக்கொள்ளும், அங்கிருந்து தேனுக்குப் போகும். வேண்டவே வேண்டாம்.

கூட்டத்தை மாற்றித் தரச் சொல்லலாமா என்றால், மாதங்கள் கடந்தபின் உங்கள் கோரிக்கை பலவீனமானது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தேனீ உயிருள்ளது, இடையில் என்ன நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வாங்கிய முதல் சில நாட்களில் முட்டை இல்லை, ராணி இல்லை என்று படத்தோடு எழுதியிருந்தால் கதையே வேறு. அடுத்த முறை பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு சட்டத்தையும் இரு பக்கமும் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். எத்தனை சட்டத்தில் ஈ, எத்தனையில் தேனீப் புழு, ராணியின் வயது என்ன என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்ல கூட்டம்" என்று மட்டும் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

கேள்வி: தேனீ வளர்ப்பை விட்டுவிட்ட ஒருவர் பழைய பெட்டிகளை அடைகளோடு சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருகிறார். லாபம்தானே?

பதில்: மரம் லாபம், அடை நஷ்டம். அமெரிக்கப் புழு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துக்கள் பழைய அடையிலும் மரத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தக் கூட்டங்கள் எப்படி இறந்தன என்று கேளுங்கள். "தெரியாது" என்றால் மரத்தையும் விட்டுவிடுங்கள். காரணம் தெளிவாகத் தெரிந்து, நோய் இல்லை என்றால் பெட்டிகளை மட்டும் வாங்கி, சுரண்டி, உட்புறத்தை நெருப்பு ஊதும் விளக்கால் (புளோ லாம்ப்) மரம் பழுப்பேறும் வரை வாட்டுங்கள். பலகையில் படகு வடிவில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், அவை மெழுகுப் புழு கூடு கட்டக் குடைந்தவை. பார்க்க அசிங்கமே தவிர ஆபத்தில்லை. விலை குறைத்துக் கேட்க உதவும்.

கேள்வி: தேனீயைப் பிடிக்கும் உண்ணிக்கு "முழுக்க இயற்கையானது" என்று போட்ட மருந்துப் பட்டைகள் இணையத்தில் விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எந்தத் தேனீ? வரோவா உண்ணி ஆதியில் இந்தியத் தேனீயின் இனத்தில்தான் வாழ்ந்தது. அங்கே அது பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டும் பெருகுவதால், அதனாலேயே கூடு அழிவது அபூர்வம். இத்தாலியத் தேனீயில் பணித் தேனீ அறைகளிலும் பெருகும். கவனிக்காமல் விட்டால் கூடு போய்விடும்.

எண்ணிப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள். தேனீப் புழு வளரும் அடையிலிருந்து சுமார் 300 ஈக்களை (அரைக் கோப்பை அளவு, ராணி இல்லை என்று பார்த்துக்கொண்டு) வலைமூடி போட்ட போத்தலில் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு உருட்டி, சில நிமிடம் வைத்துவிட்டு வெள்ளைத் தட்டில் குலுக்குங்கள். செம்பழுப்பு உண்ணிகள் உதிரும், ஈக்கள் உயிரோடு திரும்பிப் போகும். 100 ஈக்கு 2, 3 உண்ணிக்கு மேல் என்றால் மருந்து தேவை.

உறையில் மருந்துப் பொருளின் பெயரும் விழுக்காடும், எத்தனை நாளில் பட்டையை எடுக்க வேண்டும், தேன் அறை (தேன் சேரும் மேல் பெட்டி) மேலே இருக்கும்போது போடலாமா என்பதும், காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். "இயற்கை" என்ற சொல்லால் எதுவும் தெரியவராது. ஆக்ஸாலிக் அமிலமும் இயற்கையில் உள்ளதுதான். கையுறையில்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். அது மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியை எட்டாது என்பதையும் நினைவில் வைத்து, தேனீப் புழு குறைந்த காலத்தில் போடுங்கள். ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடியைத் தாண்டி உள்ளே போகும். ஆனால் வெயில் கடுமையானால் ராணியையே கொன்றுவிடலாம்.

கேள்வி: எறும்புக்கு என்ன மருந்து?

பதில்: மருந்தே வேண்டாம். பெட்டியைக் கால் வைத்த தாங்கியில் ஏற்றி, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஈ விழுந்து சாகாதபடி கிண்ணத்துக்கு மேலே ஒரு தகட்டு மூடி இருக்கட்டும். புல்லோ கிளையோ பெட்டியைத் தொடக் கூடாது; எறும்புக்கு அந்த ஒரு பாலம் போதும். தரையில் தூவும் பூச்சிக்கொல்லிப் பொடியைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கீழே தூவியது தேனீயின் காலில் ஒட்டிக் கூட்டுக்குள் போய்விடும்.