லேஆஃப் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது தேதி

அமெரிக்காவில் லாபம் கொட்டும் கம்பெனிகளே ஆட்களை வேலையை விட்டு அனுப்புகின்றன. எல்லாம் ஏஐ செய்த வேலையா?

பழி போட ஏஐ வசதியான ஆள். ஆனால் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரை அனுப்பியது 2022 நவம்பர் 9-இல். சாட்ஜிபிடி வெளிவந்ததே நவம்பர் 30-இல். கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் சேர்த்ததும், பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5.25-5.50 சதவீதத்துக்கு ஏறியதும்தான் முதல் காரணங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று வரி. 2022 முதல், மென்பொருள் உருவாக்கும் செலவை அந்த ஆண்டே கழிக்க முடியாது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்க வேண்டும் என்றானது. முதல் ஆண்டில் கழிவது 10 சதவீதம்தான். 10 லட்சம் டாலர் வருமானம், அதே 10 லட்சம் புரோகிராமர் சம்பளம் என்றால் கையில் ஒன்றுமில்லை. கணக்கிலோ 9 லட்சம் லாபம், அதற்கு வரி! சின்ன ஸ்டார்ட்அப்கள் இதில்தான் திணறின. 2025 ஜூலையில் வந்த சட்டம் உள்நாட்டுச் செலவுக்கு இதை நீக்கியது. வெளிநாட்டில் செய்யும் வேலைக்கு 15 ஆண்டுப் பிரிப்பு அப்படியே இருக்கிறது.

ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். மார்ச் 3-இல் லாகின் போய்விட்டது; மே 2 வரை சம்பளம் உண்டு என்கிறார்கள். வேலை போனபின் அங்கே தங்கி வேறு வேலை தேடத் தரும் 60 நாள் அவகாசம் எப்போது தொடங்கும்?

பொதுவாகச் சம்பளம் தரப்பட்ட கடைசி நாளின் மறுநாள். உங்களுக்கு மே 3 முதல் ஜூலை 1 வரை. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன் முடிந்தால் அதுவே எல்லை. அந்த இரண்டு மாதச் சம்பளம் பெரும்பாலும், பெரிய ஆட்குறைப்பை முன்கூட்டியே சொல்லச் சொல்லும் வார்ன் சட்டத்தின் 60 நாள் முன்னறிவிப்புக்காகத் தருவது. வேலையே தராமல் சம்பளப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் வழக்கறிஞர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே 'வேலை முடியும் நாள் மே 2' என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும்) தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது.

பலர் சறுக்குவது இங்கே: 60 நாளுக்குள் ஆஃபர் வந்தால் போதாது, புதிய கம்பெனி உங்களுக்காகப் போடும் ஹெச்-1பி மனு குடிவரவுத் துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் எல்சிஏ எனும், சம்பளம் பற்றிக் கம்பெனி தரும் உறுதிமொழிக்குத் தொழிலாளர் துறையின் ஒப்புதல் பெறவே 7 வேலை நாள் ஆகும். ஆவணம் சேர்க்கும் நேரத்தையும் சேர்த்தால் 40-ஆம் நாளுக்குள் ஆஃபர் கையில் இருப்பது நல்லது. மனு சேர்ந்ததும் வேலையைத் தொடங்கலாம், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாகக் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதி போகாது.

செவரன்ஸ் ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள். வயது 43.

அவசரம் வேண்டாம். 40 வயது ஆனவரிடம் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுத்தரச் சொன்னால் யோசிக்க 21 நாள், பலரை ஒன்றாக அனுப்பும்போது 45 நாள் தந்தாக வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் பின்வாங்கலாம். கூட்டமாக அனுப்பினால், யார் யார் போனார்கள், யார் தங்கினார்கள் என்ற பதவி-வயதுப் பட்டியலும் சேர்த்துத் தர வேண்டும். அது இல்லையென்றால் கேளுங்கள்.

பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டைத் தொடர வைக்கும் கோப்ரா இன்சூரன்ஸ் உடனே எடுக்க வேண்டுமா?

முடிவெடுக்க 60 நாள் உண்டு; எடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். ஆரோக்கியமான குடும்பம் காத்திருந்து பார்க்கலாம். விலை: கம்பெனி பங்கும் சேர்ந்த முழு பிரீமியத்தில் 102 சதவீதம் வரை. விடுபட்ட மாதங்களுக்கும் கட்ட வேண்டும்.

மகள் அங்கே எம்.எஸ். முடித்து, மாணவர் விசாவிலேயே வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடியில் இருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை.

வேலையின்றி இருக்க மொத்தம் 90 நாள்தான், சனி ஞாயிறும் சேர்த்து. படிப்போடு தொடர்புள்ள, வாரம் 20 மணி நேரமாவது செய்யும் சம்பளமில்லாப் பணியும் முதல் ஆண்டு ஓபிடியில் வேலையாகவே எண்ணப்படும். பணி தந்தவரிடம் கடிதம் வாங்கி, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் பதியச் சொல்லுங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்பில் இது செல்லாது, அங்கே சம்பளம் கட்டாயம்.