அமெரிக்காவுல குடிச்சிட்டு வண்டி ஓட்டினா தண்டனை ஏன் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறுது?

டி.யூ.ஐ.ன்னா போதையில வண்டி ஓட்டுறது, அவ்ளோதான். சில ஸ்டேட்ல டி.டபிள்யூ.ஐ.ன்னு சொல்வாங்க. அங்க டிராஃபிக் சட்டம் போடுறது ஸ்டேட்டோட வேலை, அதனாலதான் அபராதம், ஜெயில், லைசென்ஸ் முடக்கம்னு எல்லாமே மாறுது. நியூ ஜெர்சியில இத டிராஃபிக் விதிமீறலாத்தான் பாக்கறாங்க (அதுக்காக லேசா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க), பல ஸ்டேட்ல முதல் தடவையே கிரிமினல் கேஸ்தான்.

ஆனா லிமிட் மட்டும் கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் ஒண்ணு, 0.08, அதாவது 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால். இது எப்படி ஒண்ணாச்சுன்னா, 2000-ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, இந்த லிமிட்ட வைக்காத ஸ்டேட்டுக்கு ஹைவே பணத்துல கொஞ்சம் பிடிச்சுக்குவோம்னு சொல்லிடுச்சு, 2004-க்குள்ள எல்லாரும் வழிக்கு வந்துட்டாங்க. வீட்ல அப்பா திட்டாம அடிக்காம பாக்கெட் மணிய மட்டும் கட் பண்ற டெக்னிக்தான். யூட்டா மட்டும் 2018 கடைசியில 0.05-ன்னு இன்னும் இறக்கிடுச்சு. லாரி, பஸ் ஓட்டுறவங்களுக்கு 0.04, 21 வயசுக்கு கீழ இருந்தா 0.02-க்கு கீழதான் இருக்கணும், சில ஸ்டேட்ல சுத்தமா ஜீரோ.

ஊத மாட்டேன்னு மறுத்தா தப்பிச்சிடலாம்னும் சிலர் நினைக்கறாங்க, லைசென்ஸ் வாங்கும்போதே டெஸ்ட்டுக்கு சம்மதிச்சதா சட்டம் எடுத்துக்கும், மறுத்தா பெரும்பாலும் அதுக்கே லைசென்ஸ் போயிடும்.

அப்புறம் 0.08-க்கு கீழ இருந்தா சேஃப்ங்கறது தப்பு, ஓட்டுறதுல தடுமாற்றம் தெரிஞ்சா அதுக்குக் கீழயும் கேஸ் போடலாம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையால வந்த மயக்கமா இருந்தாலும்.