ஹைக்யூ தொடரின் ஹினாட்டா ஷோயோ: குட்டையான வீரனைக் கண்டு எதிரணி ஏன் தடுமாறுகிறது?

ஃபுருடாட்டே ஹருஇச்சியின் 'ஹைக்யூ' மங்கா (ஜப்பானியப் படக்கதை) 2012 முதல் 2020 வரை வெளிவந்தது. அதன் அனிமே (அசைவூட்டத் தொடர்) 2014இல் தொடங்கியது. மியாகி மாகாணத்தின் கராசுனோ பள்ளிக் கைப்பந்து அணியில் சேரும் ஹினாட்டாவின் உயரம் ஏறத்தாழ 163 செ.மீ. மட்டுமே, ஆனால் அவன் ஏற்கும் இடமோ நெட்டையர்களுக்குரிய நடுத்தடுப்பாளர் இடம், அதாவது வலையின் நடுவில் நின்று எதிரணியின் அடிகளைத் தடுப்பவரின் இடம்.

அவனுடைய முதன்மைப் பணி 'டீகாய்', அதாவது எதிரணியின் கண்ணைத் தன் பக்கம் இழுப்பது. பந்து தனக்கு வருமா என்பது உறுதியில்லாதபோதும், வரும் என்றே முழுமனத்தோடு ஓடிவந்து எகிறுகிறான். அந்த நம்பிக்கை பொய்யில்லாதது என்பதால்தான் தடுப்பவர்களும் அவனோடு சேர்ந்து குதித்துவிடுகிறார்கள்; அதற்குள் அவன் அணியின் வேறொருவர் பந்தை அடித்துவிடுகிறார். வாசலில் ஒரு குழந்தை கூச்சலிட, வீடே அங்கு ஓட, இன்னொரு குழந்தை அடுக்களையில் முறுக்கு டப்பாவைத் திறப்பதைப் போன்றது இது.

தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசியவன், அணியில் அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக்கொடுக்கும் ககெயாமா பந்தைச் சரியாகக் கையருகே கொண்டுவந்ததால் மட்டுமே புள்ளி எடுத்தான். பிறகு கண் திறந்து அடிக்க அவனே பிடிவாதமாகக் கற்றதுதான், என் பார்வையில், அவன் குணத்தின் உச்சம்.

குதிக்கும் திறன் ஒன்றே அவனை உயர்த்தியது என்று பலர் எண்ணுவது சரியன்று: எதிரணி அடிக்கும் பந்தை ஏற்பதில் மிகவும் பின்தங்கியிருந்த அவன், அழைக்கப்படாத பயிற்சி முகாமுக்குத் தானே சென்று, பந்து பொறுக்கிக்கொண்டே பிறர் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டான்.