வரலாறா, மொழியியலா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் வரலாறும் படிக்க வேண்டும், மொழிகளை ஒப்பிட்டு ஆராயவும் வேண்டும் என்கிறாள். இரண்டில் எது சோறு போடும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரிக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

மொழிகளை ஒப்பிடும் படிப்பின் தொடக்கச் சுவடுகள் சில கடல் வணிகக் காலத்துக் கடிதங்களில்தான் இருக்கின்றன. 1580களில் கொச்சியிலும் கோவாவிலும் இருந்த பிலிப்போ சசெட்டி என்ற இத்தாலிய வணிகர், சமஸ்கிருத எண்ணுப்பெயர்கள் சில தன் மொழியைப் போலவே இருப்பதாக ஊருக்கு எழுதினார். 1767இல் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவை விளக்கிப் பாரிசுக்கு எழுதி அனுப்பினார். அது அச்சேறியது 1808இல். அதற்குள், கல்கத்தாவில் ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இதே உறவைப் பற்றி ஆற்றிய உரை பரவி, பெயரெல்லாம் அவருக்கே போய்விட்டது. கூர்தூவின் ஒப்பீடு எந்த அளவுக்குச் சரி என்று பார்க்க மொழியியல் வேண்டும். அந்த எழுத்து நாற்பது ஆண்டு ஏன் கிடப்பில் கிடந்தது என்று கண்டுபிடிக்க வரலாறு வேண்டும். இரண்டும் கைவந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

சரி, வழி என்ன? பி.ஏ. வரலாறு, அப்புறம் எம்.ஏ. மொழியியல். அண்ணாமலை, பாரதியார், ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள், புனே டெக்கான் கல்லூரி ஆகியவற்றை விசாரியுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம்; அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கல்லூரி ஆசிரியர் பணி, ஆவணக் காப்பகம், அகராதித் திட்டங்கள், மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், கணினித் தமிழ் வேலைகள் எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. நிரந்தர வேலைக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

பட்டத்தைவிட நான் பெரிதாக நினைப்பது மூன்றாவது ஒரு மொழியை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு முதலான ஜெர்மானியப் பாதிரியார்களின் தாள்கள் ஜெர்மனியின் ஹாலே நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மன் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடவே முடியாது. அச்செழுத்தைப் படித்தால் மட்டும் போதாது, பழைய கையெழுத்தும் பழக வேண்டும். அதற்கே இரண்டு மூன்று வருடம் போகும். ஆகவே பி.ஏ. முதலாண்டிலேயே தொடங்கட்டும். சென்னையில் சேர்ப்பதாக இருந்தால், ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவனுக்கோ பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸுக்கோ மாலையில் போய்வரத் தோதான கல்லூரியாகப் பாருங்கள்.