“வேண்டாம்” என்று அவள் சொல்லவில்லை என்பதே சம்மதமாகிவிடுமா?

கேள்வி: நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வயது 20. மூன்று வாரங்களுக்கு முன் வகுப்பு நண்பர்கள் ஒன்பது பேர், அவர்களில் பெண்கள் மூவர், ஏற்காட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் இரவு தங்கினோம். எல்லோரும் குடித்தோம். ஒரு தோழிக்கு மட்டும் அளவு மீறிவிட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள், திண்ணைப் படியில் உட்கார்ந்து செருப்பை இடம் வலம் மாற்றிப் போட முயன்றபடி, “காலையில் பஸ் எத்தனை மணிக்கு?” என்று ஐந்தாறு முறை ஒரே கேள்வியைக் கேட்டாள். வகுப்புத் தோழன் ஒருவன், “நான் படுக்க வைக்கிறேன்” என்று அவளைத் தோளில் சாய்த்து அறைக்குள் கூட்டிச் சென்று கதவைச் சாத்தினான். நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை. உறவு நடந்தது உண்மை என்று அவனே எங்களிடம் ஒப்புக்கொண்டான். ஆனால், “அவளும் சரி என்றுதான் சொன்னாள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை” என்கிறான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் செய்திகளை அழித்துவிட்டார்கள். அவள் இப்போது என்னிடம் வந்து, “நீ பார்த்ததைச் சொல்வாயா?” என்று கேட்கிறாள். இது குற்றமா? சாட்சி சொன்னால், மது வாங்கியதற்காக என்மீதும் வழக்கு வருமா? இவ்வளவு நாள் கழித்துப் புகார் எடுபடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி எதுவென்று உங்களுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று ஐந்தாறு முறை கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு, எந்தெந்தச் சூழ்நிலைகளில் நடக்கும் உறவு பாலியல் வன்புணர்வாகும் என்று வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் ஐந்தாவது உங்கள் கேள்விக்கு நேரான விடை: போதையின் காரணமாக, தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ள இயலாத நிலையில் ஒரு பெண் சம்மதம் தந்திருந்தாலும், அந்தச் சம்மதம் செல்லாது. போதையை அவன்தான் ஊட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை; அவளே விரும்பிக் குடித்திருந்தாலும் நிலைமை அதுவே. (அவளுக்குத் தெரியாமல் பானத்தில் எதையாவது கலந்திருந்தால், அது 123-ஆவது பிரிவின் கீழ் தனியான, கடுமையான குற்றம்.) ஆகவே, “அவளும் சரி என்றாள்” என்று உங்கள் நண்பர் சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் எந்த நிலையில் இருந்தாள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

“வேண்டாம் என்று சொல்லவில்லை” என்ற வாதம் அதைவிட வலுவற்றது. ஒரு காலத்தில் அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது. காவல் நிலையத்தில் வைத்துச் சிதைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடலில் காயமில்லை, அவள் போராடவில்லை என்று காரணம் காட்டி 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013 திருத்தத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கே வரையறை எழுதப்பட்டது. சொல்லாலோ சைகையாலோ, குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு ஐயத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தெரிவிக்கும் உடன்பாடே சம்மதம் என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்ததாகக் கருதக்கூடாது என்றும் இன்றைய சட்டம் சொல்கிறது. மலைக்குச் சேர்ந்து வந்தாள், சேர்ந்து குடித்தாள், தோளில் சாய்ந்தாள் என்பவை எல்லாம் வேறு வேறு செயல்கள். ஒன்றுக்கான இசைவு இன்னொன்றுக்குச் செல்லாது.

அவனும் குடித்திருந்தானே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கக்கூடும். தானாக விரும்பிக் குடித்தவன், தெளிவாக இருந்திருந்தால் எதை அறிந்திருப்பானோ அதை அறிந்தவனாகவே கருதப்படுவான் என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. போதை அவளுடைய சம்மதத்தைச் செல்லாததாக்கும். அவனுடைய பொறுப்பைக் குறைக்காது.

இப்போது அந்தப் பஸ் கேள்விக்கு வருகிறேன். ஒரு கோப்பை குடித்தவர் எவரும் சம்மதம் தரத் தகுதியற்றவர் என்று சட்டம் சொல்லவில்லை. புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா என்பதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்கும். காலையில் நினைவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. ஏனெனில் அளவு மீறிக் குடித்தவரின் மூளை நடப்பதையும் பேசுவதையும் தொடர்ந்துகொண்டே புதிய நினைவைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும் நிலை உண்டு என்பது மருத்துவ உண்மை. பார்ப்பவருக்கு அவர் விழித்திருப்பதாகவே தெரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நடந்தாளே, பேசினாளே என்று அதையே பிடித்துக்கொள்வார். பதில் கேட்ட மறுகணமே அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது அந்த நிலையின் கண்கூடான அடையாளம். வாந்தி, மாறிப்போன செருப்பு, பிறர் தாங்காமல் நடக்க முடியாதது ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், அவளுடைய நிலைக்கு அன்றிரவு இருந்த ஒரே பதிவு உங்கள் கண்தான். அவளால் சொல்ல முடியாத அரைமணி நேரத்தை உங்களால் சொல்ல முடியும். கதவு சாத்திய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி ஊகமாக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். அவன் உங்களிடம் ஒப்புக்கொண்டதை மட்டும், எங்கே, எப்போது, யார் யார் முன்னிலையில், எந்த வார்த்தைகளில் என்று சொன்னால் போதும். குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அவன் தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்யும்.

மது வாங்கிய விஷயம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. (மாகாணத்திலேயே முதன்முதலாக, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான் என்பதை இன்று டாஸ்மாக் வரிசையில் நிற்பவரிடம் சொன்னால் சிரிப்பார்.) அந்தப் பாட்டிலைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று நான் எழுதித்தர முடியாது. ஆனால் ஒரு வன்புணர்வு வழக்கின் நேர்சாட்சியை அதற்காக அலைக்கழிப்பதில் அரசுத் தரப்புக்கு எந்த லாபமும் இல்லை. நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் கட்டாயத்தின்பேரில் நீங்கள் சொல்லும் பதிலை, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர, உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. விசாரணை அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை, கேட்டால் மறுக்கலாம்.

உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. குழுவில் செய்திகளை அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தே, குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கில் தடயத்தை மறைப்பது 238-ஆவது பிரிவின் கீழ் குற்றம். உங்கள் கைப்பேசியில் எஞ்சியிருக்கும் எதையும், வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்பிய ஜிபே ரசீது உட்பட, இனித் தொடாதீர்கள். கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அவளுடைய பெயரை எந்தக் குழுவிலும் எழுதாதீர்கள், ஆதரவாக எழுதுவதாக நினைத்தும் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 72-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது.

மூன்று வாரத் தாமதம் வழக்கைக் கொல்லாது. இந்தக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே, அச்சமும் நினைவின்மையும் குழுவின் நெருக்கடியும் சேர்ந்து தடுத்தன என்று, உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். தாமதத்தால் இழந்தது மருத்துவத் தடயம். இரத்தத்தில் மது ஒரு நாள்கூடத் தங்காது, உடல் மாதிரிகள் நான்கு நாளுக்குப் பிறகு பெரும்பாலும் பயன்படாது. ஆயினும் தொற்று, கருத்தரிப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனையை அவள் தன் நலனுக்காக இப்போதும் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டியது சட்டக் கடமை. பிறப்புறுப்பில் விரலிட்டு, அவள் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் கண்டித்துத் தடைசெய்துள்ளது. யாரேனும் முயன்றால் அவள் மறுக்கலாம்.

சம்பவம் ஏற்காட்டில் என்பதால் மலையேறித்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. சேலத்தில் எந்த மகளிர் காவல் நிலையத்திலும் தரலாம்; இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பியனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பாலியல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடமும் தனியாகப் புகார் தரலாம். அங்கே மூன்று மாதக் கெடு உண்டு என்பதால் நாளைத் தள்ளாதீர்கள். வகுப்பையோ தேர்வு அறையையோ பிரித்துத் தரும் இடைக்கால ஏற்பாட்டை அந்தக் குழுதான் செய்ய முடியும். ஆனால் “கல்லூரிப் பெயர் கெடும், உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று எவர் அழைத்தாலும் போகாதீர்கள். இது சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றம் அல்ல. மத்தியச் சட்டத்திலேயே குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு.

குடித்த பெண்தானே என்ற பேச்சு அவள் காதில் விழும். நீதிமன்றத்திலும் விழக்கூடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம், டெல்லியில் நண்பர்களோடு குடிக்கச் சென்ற ஒரு மாணவி தொடர்ந்த வழக்கில் ஜாமீன் வழங்கியபோது, அவரே வம்பை வரவழைத்துக்கொண்டார் என்று எழுதியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தைக் கண்டித்தது. அவளுடைய முந்தைய உறவுகளைப் பற்றிய கேள்விகளுக்கு, சம்மதத்தை நிரூபிக்கும் சான்றாக, சட்டம் இடம் தரவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி, அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, தம்பி. உடன் வந்த மற்ற இரு பெண்களில் ஒருவரை எழுப்பி, “இவளோடு நீ படு” என்று சொல்லியிருக்கலாம். “டேய், அவள் இங்கேயே இருக்கட்டும், நான் தண்ணீர் கொண்டு வருகிறேன்” என்றிருக்கலாம். சண்டையே தேவைப்பட்டிருக்காது. வாந்தி எடுத்தவரை மல்லாக்கப் படுக்க வைத்துத் தனியறையில் விடுவதே உயிருக்கு ஆபத்து; ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் அருகில் இருக்க வேண்டும், எழுப்பியும் எழாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். எங்காவது தங்கப் போகும் குழுவில் ஒருவராவது அன்று குடிக்காதவராக இருப்பது என்று புறப்படும்முன்பே பேசி வையுங்கள். பார்த்தும் பேசாதிருந்தது தார்மீகக் குறை. உங்கள் கடிதத்தில் உள்ள அளவில் அது குற்றமாகாது.

இன்றிரவே ஒரு தாளில், அன்று மாலை முதல் மறுநாள் மலையிறங்கியது வரை நீங்கள் கண்டதையும் கேட்டதையும் உங்கள் கையெழுத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டுத் திருத்தாதீர்கள். புகார் தருவதா என்ற முடிவு அவளுடையது, அதில் அவளை அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் கெடுக்களைச் சொல்லிவிடுங்கள். சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்வார்கள்; 181 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். அந்த வீட்டு வாசலில் கேமரா இருந்தால், பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். நீங்களே போய்க் கேட்க வேண்டாம். புகார் தரும் நாளன்றே அதைக் கைப்பற்றும்படி அவள் மனுவில் ஒரு வரி சேர்க்கட்டும்.